உயிர்விளக்கின் மூணாவது தகுதி

என் டர்ன் முடிஞ்சு இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது, நேசன் இன்னும் மூணாவது வெட்டுலயே நிக்கறான். ஒரு டர்னுக்கு அவனுக்கு ஏழு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் டைஸை உள்ளங்கையில மூடி, வாய்கிட்ட கொண்டுபோய் ஊதி, கண்ணை மூடி உருட்டி, அது சோபாவுக்கு அடியில ஓடிப்போனா குனிஞ்சு எடுத்து, மறுபடி முதல்லேர்ந்து ஊதி. ஊதினா நல்ல நம்பர் விழும்னு எந்த சாமி சொல்லுச்சோ. அடுத்து ஹாஜா, அவனுக்கு அரை மணி நேரம். அதுக்கப்புறம் நான். என் டர்ன் வந்ததும் ஆலா செத்துப் போகணும். அதுதான் ஏற்பாடு. யார் பண்ணின ஏற்பாடு? நான் பண்ணலை. மெய்யப்பன் வீட்டு சாப்பாட்டு மேஜை, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி, அம்பத்தூர் வெயில் ஜன்னல் கிரில் வழியா வந்து, நான் ஆடறவளோட கணக்கெல்லாம் எழுதின என் ஷீட் மேல கட்டம் கட்டமா விழுது. பதினோரு வருஷமா இதே மேஜை, இதே நாலு பேர், டைஸ் போட்டு ஆடற ஒரே கதை. மெய்யப்பன் அந்த உலகத்தை நடத்தறவன். மலை, கடல், ராஜா, பூதம் எல்லாம் அவன் வாய்தான். நேசன் ஆடறது இடும்பன், கோடாலிக்காரன். ஹாஜா ஆடறது சுல்ஃபி, மந்திரவாதி. நான் ஆடறது ஆலா. ஆலா அடிபட்டவங்களுக்கு உயிர் ஊட்டறவ, செத்தவங்களை எழுப்பறவ. நடுவுல விரிச்ச கட்டம் போட்ட தாள் மேல ஒரு ஊறுகாய் பாட்டில் நிக்குது, அதுதான் கடல்விழுங்கி, மூணு வருஷமா நாங்க தேடிட்டு வந்த பூதம். அதைச் சுத்தி மூணு சட்டை பட்டன். பச்சை பட்டன் நான். கறுப்பு பட்டன் இடும்பன், நானூறு உயிர்ல முப்பத்தொண்ணு மிச்சம். வெள்ளை பட்டன் சுல்ஃபி, பன்னெண்டு மிச்சம். எனக்கு எழுபது இருக்கு. அதனால நான் சாகணும். கேக்கறவ கேனைச்சியா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க.

இந்த சாவை எனக்கு எழுதிக் குடுத்தவன் மெய்யப்பன். கோடு போட்ட ஏ-ஃபோர் தாள், பச்சை இங்க், ரெண்டு பக்கம். லெவல் இருபது தாண்டிட்டா விதிப் புத்தகத்துல வழி முடிஞ்சிடும். அதுக்கு மேலயும் ஏறறவங்களுக்குன்னு தனி வழி இருக்கு, பிரெஸ்டீஜ் கிளாஸ்னு பேரு. எல்லாராலயும் அதுக்குள்ள போயிட முடியாது, தகுதி இருக்கணும், பட்டியல் போட்டிருக்கும். கடையில விக்கற புத்தகத்துலயே நூறு இருக்கு. மெய்யப்பனுக்கு அது ஆகாது. வீட்டுச் சரக்குதான்டா சரக்கும்பான். ஒருதடவை போன்ல நான் இதைப் பேசிட்டிருந்தது எங்க அம்மா காதுல விழுந்து, பிரெஸ்டீஜ்னா எத்தனை லிட்டர்டி வாங்கப் போறேன்னு கேட்டாங்க, குக்கர்னு நெனச்சுட்டு. குக்கரா இருந்தா விசிலாவது அடிச்சிருக்கும். நேசனுக்கு அவன் எழுதினது மலைபிளப்பான். அது முழுசா முடிஞ்சா ராட்சசங்களுக்கே ராஜா ஆகலாம். ஹாஜாவுக்குக் காலக்கள்ளன், அது முடிஞ்சா ஒரு டர்னுக்குள்ள அஞ்சு டர்ன் திருடலாம். எனக்கு உயிர்விளக்கு. நாலே லெவல். நாலாவது லெவல்ல கிடைக்கறது முழுஎரிவு. அப்படின்னா என்ன? இந்தா, ஷீட்லயே ஒட்டி வெச்சிருக்கேன், பாத்துப் பாத்து மனப்பாடமே ஆயிடுச்சு. 'விளக்கு தன்னை முழுதாக எரிக்கும். தோழர் அனைவரும் முழு உயிர் பெறுவர். எதிரி ஒரு சுற்று குருடாகும். விளக்கு சாம்பலாகும், எந்த மந்திரமும் அதை மீண்டும் எழுப்பாது. அவள் பெயரை உலகம் பாடும்.' பாடும். பாடட்டும். ஒருத்தனுக்கு ராஜா ஆக வழி, ஒருத்தனுக்குத் திருடன் ஆக வழி, எனக்குச் சாம்பலாக வழி. இதைப் படிச்சுக் காட்டும்போது மெய்யப்பனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "வளர், உனக்காகவே எழுதினது"ன்னான். நேசன் மேஜையைத் தட்டி, "மக்கா, என்னா எண்டிங் பாத்தியா"ன்னான். ஹாஜா எனக்குக் கை குடுத்தான். சாவுக்குக் கை குடுத்து வாழ்த்தினவங்களை அன்னைக்குத்தான் பாத்தேன்.

"மிஸ்!" மெய்யப்பன் கத்தறான். நேசனோட நாலாவது வெட்டு காத்துல போயிடுச்சு. நேசன் டைஸைத் திட்டறான். ஹாஜா முறுக்கு கடிக்கற சத்தம் என் பல்லுக்குள்ள கேக்குது. அந்த முறுக்கும் நான் வாங்கிட்டு வந்ததுதான். அந்தத் தாளைப் படிச்ச அன்னைக்கு, எப்ப எழுதினே மெய்யப்பான்னு நான் கேட்டேன். "நவம்பர்ல, நீ ரெண்டு வாரம் வரலையே, அப்ப. நீ இல்லாதப்பதான் ஆலா யாருன்னு புரிஞ்சுது"ன்னான். நவம்பர்ல நான் எங்க இருந்தேன்? டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். புறங்கையில ஊசி குத்தின இடம் இப்ப அழுத்தினாலும் சுருக்குங்குது. காலையில நர்ஸ் வந்து நம்பர் சொல்லுவாங்க, பிளேட்லெட் நாப்பதாயிரம், மறுநாள் முப்பத்தொண்ணு, அடுத்த நாள் இருபத்திரெண்டு. எங்க அம்மா முந்தானையில வாயைப் பொத்திக்குவாங்க. நான் மட்டும் படுத்துட்டு, இருபத்திரெண்டு மிச்சம், இன்னும் ரெண்டு அடி தாங்குவேன்னு மனசுக்குள்ள எண்ணிட்டிருந்தேன். பழக்கதோஷம். எங்க குரூப்ல நான் ஒரு வரி போட்டேன்: டெங்கு, அட்மிட், இந்த வாரம் வர முடியாது. நேசன் ஒரு கும்பிடற கை போட்டான். ஹாஜா 'டேக் கேர்'னு போட்டான். மெய்யப்பன் அடுத்த நாள் போட்டான்: 'வளர், லாக் நோட்டு உன்கிட்டயா இருக்கு?' இருபத்திரெண்டாயிரம் இருந்த அன்னைக்கு. அந்தக் கட்டில்லேர்ந்து இந்த வீட்டுக்கு ஆட்டோவுல கால் மணி நேரம். ஒருத்தனும் வரலை. நான் வருவாங்கன்னு காத்திருக்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். வார்டு கதவு திறக்கற ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பாத்தேன். தலையைத் தூக்கவே தெம்பு இல்லாதப்பவும் பாத்தேன். வெக்கங்கெட்ட கழுத்து. அந்த வாரம்தான் இவன் இங்க உக்காந்து, நான் எப்படி அழகா சாகணும்னு பச்சை இங்க்ல எழுதியிருக்கான்.

சரி, அதை விடு. விட முடியலை. விட்டா அது அந்தத் தகுதியில போய் நிக்குது, மூணாவது தகுதியில, பல்லுக்கு நடுவுல சிக்கின நாரு மாதிரி நாக்கு அங்கயே போகுது. எங்க மேஜையில ஒரு வழக்கம் இருக்கு. யாராவது புது கிளாஸுக்குள்ள போறாங்கன்னா, மெய்யப்பன் தகுதிகளை ஒவ்வொண்ணா சத்தமாப் படிப்பான். மத்தவங்க யோசிச்சுப் பாத்து, ஆமா, இவ இதைப் பண்ணியிருக்கா, நான் பாத்தேன்னா, மேஜையைத் தட்டி 'சாட்சி'ன்னு சொல்லணும். சாட்சி இல்லைன்னா தகுதி இல்லை. தகுதி இல்லைன்னா கிளாஸ் செல்லாது. நேசன் மலைபிளப்பானுக்குள்ள போறப்ப, ஒத்தையா ஒரு ராட்சசனைக் கொன்னிருக்கணும்னு ஒரு தகுதி. ஹாஜா சாட்சி சொல்லலை. "நான் அவன் காலைக் கட்டிப் போட்டேனே, அது எப்படி ஒத்தை?"ன்னான். ஒரு வாரம் ரெண்டு பேரும் பேசிக்கலை. நேசன் போய் வேற ராட்சசனைக் கொன்னுட்டு வந்தான், அதுக்கே நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அப்படிப்பட்ட சாட்சி அது. என் முறை வந்துச்சு, பிப்ரவரியில. மெய்யப்பன் படிச்சான். ஒண்ணு, தோழரை நூறு முறை குணப்படுத்தியிருக்க வேண்டும். சாட்சி, சாட்சி. ரெண்டு, தோழருக்கு விழ இருந்த அடியைத் தன் உடலில் வாங்கியிருக்க வேண்டும். சாட்சி, சாட்சி. மூணு, தோழர் ஒருவரின் கையால் ஒருமுறையேனும் சாவிலிருந்து எழுப்பப்பட்டிருக்க வேண்டும். பெற்ற உயிரைத்தான் திருப்பித் தர முடியும். நேசன் வாயில முட்டை பஃப்ஸ். ஹாஜா போன்ல என்னமோ பாத்துட்டிருந்தான். ரெண்டு கையும் மேஜையைத் தட்டுச்சு. சாட்சி. சாட்சி. பஃப்ஸ் தூள் என் ஷீட் மேல தெறிச்சுது. நான் ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தேன். யோசிக்கவே இல்லை, ரெண்டு பேருமே. யோசிக்கணும்னு கூடத் தோணலை. மெய்யப்பனுக்கும் தோணலை, எழுதினவனுக்கே. பதினோரு வருஷம் ஆச்சே, எப்பவாவது எவனாவது இவளை எழுப்பியிருப்பான்னு ஒரு நெனப்பு.

எவனும் எழுப்பினதில்லை. ஒரு தடவைகூட. எனக்கு எப்படித் தெரியும்? லாக் நோட்டு எழுதறவ நான்தானே. ஆறு நோட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்ன நடந்துச்சு, யார் எங்க போனாங்க, யார் விழுந்தாங்க, எல்லாம் என் கையெழுத்து. இடும்பன் செத்தது நாலு தடவை. பாம்புக் கிணத்துல ஒண்ணு, பனிமலைப் பாலத்துல ஒண்ணு, சொந்தக் கோடாலியில ஒண்ணு, நாலாவது குடிச்சுட்டுப் படகுலேர்ந்து விழுந்து. நாலு தடவையும் எழுப்பினது ஆலா. சுல்ஃபி செத்தது மூணு தடவை, அதுல ஒண்ணு நான் தொடாதே தொடாதேன்னு கத்தக் கத்தத் தொட்டு. மூணு தடவையும் ஆலா. ஆலா விழுந்தது ரெண்டு தடவை. முதல் தடவை மெய்யப்பனே பாவம் பாத்து ஒரு தேவதையை அனுப்பி எழுப்பினான். ரெண்டாவது தடவை, உப்புக்கோட்டை சண்டை, அஞ்சாவது வருஷம். நான் விழுந்தேன். விழுந்துட்டா வாயைத் திறக்கக் கூடாது, செத்தவங்க பேசக் கூடாதுங்கறது மேஜை சட்டம். நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். ஆலா பையில எழுப்பும் ஓலை ஒண்ணு இருந்துச்சு. மந்திரம் தெரியாதவனும் அதை எடுத்து வாசிச்சா போதும், விழுந்தவ எழுந்திருப்பா. அதை நான் மூணாவது வருஷமே வாங்கி வெச்சேன், எனக்காக. மத்தவங்களை எழுப்ப எனக்கு ஓலை வேண்டாம். நான் விழுந்தா எவனாவது எடுத்துப் படிப்பான்னுதான் வாங்கினேன். என் ஷீட்ல, பை, மூணாவது வரி. எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிசா எழுதியிருக்கேன். உப்புக்கோட்டையில என் பட்டன் ஓரமாக் கிடக்குது, இவங்க ரெண்டு பேரும் புதையல் பெட்டியைத் திறக்கறதா, பொறி இருக்குமான்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க. என் பையை ஒருத்தனும் திறக்கலை. கடைசியில மெய்யப்பனுக்கே ஞாபகம் வந்து, வளர், நீ ஒரு டைஸ் போடு, தானா மூச்சு வருதான்னு பாப்போம்னான். போட்டேன். இருபது முகம் இருக்கற டைஸ்ல இருபதே விழுந்துச்சு. "ஆஹா, நம்ம வளர் லக்கி!"ன்னான் நேசன். லக்கியா. நானே எழுந்தேன்டா. நானா எழுந்தேன்.

ஏழு மாசமா இதைச் சொல்லாம வெச்சிருக்கேன். ஏன்? சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம். நான் வேலை பாக்கறது வால்வு கம்பெனி, குவாலிட்டி. நாள் பூரா என் வேலையே, இது டிராயிங்ல இருக்கற மாதிரி இருக்கா, இல்லையா, இல்லைன்னா சிவப்பு டேக் கட்டித் தள்ளு. அரை மில்லிமீட்டர் தப்பிருந்தாலும் தள்ளற நான், இந்த ஒண்ணை மட்டும் பாஸ் பண்ணிட்டு வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னைக்கு எவனாவது சொல்லுவான், ஏ வளர், யோசிச்சுப் பாத்தேன், உன்னை நாங்க எழுப்பினதே இல்லையேன்னு. வருவாங்க. சொல்லுவாங்க. மறுபடியும் வார்டு கதவு. மறுபடியும் அந்த வெக்கங்கெட்ட கழுத்து. ஒரு தடவை வாய் வரைக்கும் வந்து, நேசன்கிட்ட, எனக்கு இந்த கிளாஸ் பிடிக்கலைடான்னு சொன்னேன். "வெறும் கேம்தானே வளர், இதுக்குப் போய்"ன்னான். வெறும் கேம். ராட்சசனை ஒத்தையாக் கொன்னியா இல்லையான்னு ஒரு வாரம் பேசாம இருந்தப்ப வெறும் கேம் இல்லை. எனக்குன்னு வந்ததும் வெறும் கேம். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. எரியுது. வயிறு எரியுது. ஒருவேளை நான்தான் சின்ன புத்தியா? முப்பத்தொன்பது வயசுல ஒரு பட்டனுக்காக எவளாவது இப்படிப் பொருமுவாளா? இருக்கட்டும். சின்ன புத்தின்னா சின்ன புத்தி. பெரிய புத்தியா இருந்து என்னத்தைக் கண்டேன்.

நேசன் முடிச்சுட்டான். ஏழுல ரெண்டு பட்டுச்சு. ஹாஜா எழுந்து நின்னு சோம்பல் முறிக்கறான், காலத்தைத் திருடப் போறானாம். ஒரு டர்னுக்குள்ள அஞ்சு டர்ன். முதல்ல நெருப்பு. டைஸ் இருபது எண்ணி எடுக்கறான். எனக்குத் தாகமா இருந்துச்சு, தண்ணி எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தா நடுத் தட்டுல கேக். வெள்ளை கிரீம், மேல சாக்லேட்ல எழுதியிருக்கு: 'போய் வா ஆலா.' பக்கத்துல மெழுகுவத்தி ஒண்ணு, கவர் கூடப் பிரிக்கலை. குளிர் காத்து மூஞ்சியில அடிக்குது, நான் கதவைப் பிடிச்சுட்டு நிக்கறேன். கேக் ஆர்டர் பண்ண நேரம் இருந்திருக்கு. பேரைச் சொல்லி, எழுத்துப் பிழை இல்லாம எழுதி வாங்கிட்டு வர நேரம் இருந்திருக்கு. அந்த ஒன்பது நாள்ல ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருக்கலாமேடா பாவிகளா. நல்லவங்கதான். அதுதான் இன்னும் எரியுது. கெட்டவங்களா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிடலாம். இவங்க பாசமாத்தான் என்னைக் கொல்றாங்க, கேக் வெச்சு. தண்ணி குடிச்சேன். பல் கூசிச்சு. திரும்பி வந்து உக்காந்தா நேசன் போனை டீ டம்ளர்ல சாய்ச்சு வெச்சிருக்கான், கேமரா என் பக்கம். "சும்மா, ஞாபகத்துக்கு"ன்னு சிரிக்கறான். ஹாஜாவோட நாலாவது திருட்டு டர்ன் முடியுது. எனக்குப் பயமா? பயம்தான். நான் இப்ப வாயைத் திறந்தா, பதினோரு வருஷம் இந்த மேஜை மேல கொட்டிடும். கொட்டினதை யார் அள்ளுவா? எப்பவும் அள்ளறவ நான்தானே. பேசாம எரிஞ்சுட்டுப் போயிடலாமா? ஒரு வார்த்தை, முழுஎரிவுன்னா போதும். எல்லாரும் கை தட்டுவாங்க, கேக் வெட்டலாம், கிரீம் பிசுபிசுப்போட பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை புது ஆள் ஆடுவேன். புது ஆளும் வைத்தியச்சிதான், வேற எவன் ஆடுவான். ஆலாவை மட்டும் எவனாலயும் எழுப்ப முடியாது. எப்பவும்.

"ஆலா." மெய்யப்பன் குரலைத் தாழ்த்தறான், அந்த நாடகக் குரல். "உன் டர்ன்." மூணு பேரும் என்னைப் பாக்கறாங்க. ஹாஜா பாதி முறுக்கைக் கையிலயே வெச்சிருக்கான். என் குரல் கரகரன்னு வந்துச்சு. "மெய்யப்பா, உயிர்விளக்கு தகுதியில மூணாவதைப் படி."

"இப்ப எதுக்கு?"

"படி."

படிச்சான். தோழர் ஒருவரின் கையால். நான் நேசனைப் பாத்தேன். "நீ சாட்சி சொன்னே. எப்ப எழுப்பினே?"

"உப்புக்கோட்டையில நான்தானே..."

"உப்புக்கோட்டையில நீ பெட்டி திறந்துட்டிருந்தே. நான் டைஸ் போட்டு எழுந்தேன். ஹாஜா, நீ எப்ப?"

ஹாஜா முறுக்கைக் கீழ வெச்சான். நான் பையிலேர்ந்து ஆறு நோட்டையும் எடுத்து மேஜை மேல வெச்சேன். "தேடுங்க. ஒரு இடம் காட்டினா இப்பவே எரியறேன்." ஹாஜா ரெண்டாவது நோட்டை எடுத்தான். நேசன் அஞ்சாவது. புரட்டற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. நேசன் காது சிவந்து போச்சு. ஹாஜா ஒரு பக்கத்துல நின்னு படிச்சான், உதடு அசைஞ்சுது, அப்புறம் நோட்டை மூடிட்டான். "இல்ல"ன்னான், மெதுவா.

"சரி வளர், சரி," மெய்யப்பன் ரெண்டு கையையும் தூக்கினான். "என் தப்பு. அந்தத் தகுதியை எடுத்துடறேன். நான் எழுதினதுதானே, அடிச்சுட்டாப் போச்சு." பச்சைப் பேனாவை எடுத்தான்.

"அடிக்காதே," கத்திட்டேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "எழுதினது எழுதினதுதான்னு யார் சொன்னது? ரெண்டாவது வருஷம் நான் கயிறுன்னு ஷீட்ல எழுத மறந்தேன்னு, கயிறு இல்லைன்னுட்டு என்னைப் பள்ளத்துலயே விட்டுட்டுப் போனீங்களே, மூணு ஞாயித்துக்கிழமை நான் பள்ளத்துல உக்காந்திருந்தேனே, அப்ப யாரு அடிச்சாங்க? பெற்ற உயிரைத்தான் திருப்பித் தர முடியும்னு நீ எழுதினே. நல்லாத்தான் எழுதியிருக்கே. நான் பெறலை. அதனால தர முடியாது." பேனா மூடி மாட்டற சத்தம் டிக்னு கேட்டுச்சு. "நாலு லெவலும் செல்லாது," நான் சொன்னேன். ஷீட்ல ஒட்டியிருந்த தாளை உரிச்சேன், பசையோட சேர்ந்து கொஞ்சம் ஷீட்டும் கிழிஞ்சு வந்துச்சு. "ஆலா லெவல் இருபது. அந்த லெவலோட வந்த உயிரும் போச்சு, எழுபது இல்லை, நாப்பது."

"வளர்," நேசன் தன் ஷீட்டைப் பாத்தான், "அப்ப நாம எல்லாருமே செத்துருவோமே."

"என் டர்ன் இன்னும் முடியலை." பையிலேர்ந்து துண்டுத் தாளை எடுத்தேன். எழுப்பும் ஓலைன்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது, மடிப்புல கிழியற மாதிரி இருக்கு. நேசன் கையைப் பிடிச்சு, விரலைப் பிரிச்சு, உள்ளங்கையில வெச்சேன். அவன் கை ஊதி ஊதி ஈரமா இருந்துச்சு. "இதை இடும்பன்கிட்டக் குடுக்கறேன்." அப்புறம் பச்சை பட்டனை எடுத்து, கறுப்பையும் வெள்ளையையும் தாண்டி, ஊறுகாய் பாட்டிலுக்கு நேர் முன்னாடி வெச்சேன். கடல்விழுங்கி பக்கத்துல நிக்கறவங்களைத்தான் முதல்ல அடிக்கும், அது எங்க எல்லாருக்கும் தெரியும். "என் டர்ன் முடிஞ்சுது."

மெய்யப்பன் என்னைப் பாத்தான். டைஸை எடுத்தான், உருட்டினான். நாடகக் குரல் வரலை, சாதாரணமாத்தான் சொன்னான். "அறுபத்திரெண்டு. ஆலா விழுந்துட்டா." பச்சை பட்டனைப் படுக்க வெக்கறதா கவுத்து வெக்கறதான்னு அவனுக்குத் தெரியலை, அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். கொஞ்சம் தள்ளி வெச்சான்.

நேசன் டர்ன். அவன் முன்னாடி ஏழு டைஸ் இருக்கு. கடல்விழுங்கிக்கு உயிர் கம்மியாத்தான் இருக்கும், ஏழும் பட்டா அது சாயும், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெயிக்கலாம். ஓலையைப் படிச்சா அந்த டர்ன் அதோட போச்சு, வெட்டு கிடையாது. அவன் டைஸைப் பாத்தான். கையில இருந்த துண்டுத் தாளைப் பாத்தான். டைஸை எடுத்தான். ஊதுடா, ஊது, உனக்கு அதுதானே தெரியும். அவன் ஊதலை. ஏழு டைஸையும் வரிசையா எடுத்து முறுக்கு டப்பாவுக்குள்ள போட்டான், கடகடன்னு, மூடியை அழுத்தி மூடினான். சாஞ்சு நின்ன போனைக் கவுத்து வெச்சான். "எழுப்பறேன்"ன்னான். அப்புறம் திருதிருன்னு முழிச்சான். "எப்படி எழுப்பணும்? டைஸ் எதாவது போடணுமா? எந்தப் பக்கத்துல இருக்கு வளர்?"

நான் வாயைத் திறக்கலை.

"ஏய் வளர், எந்தப் பக்கம்?"

"அவகிட்டக் கேக்காதே," ஹாஜா சொன்னான். "செத்தவங்க பேசக் கூடாது." விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். மெய்யப்பன் எழுந்து அவன் தோளுக்குப் பின்னாடி போய் நின்னான், அவனுக்கும் தெரியலை. பக்கம் இருநூத்தி எண்பத்தொண்ணு, வலது பக்கம், மேலேர்ந்து ரெண்டாவது. பதினோரு வருஷமா என் விரல் பட்டுப் பட்டு அந்த ஒரு பக்கத்து ஓரம் மட்டும் கறுத்துப் போயிருக்கு, புத்தகத்தை மூடி வெச்சுப் பாத்தாலே தெரியும். மூணு பேருக்கும் அது தெரியலை. நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். ஹாஜா முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சான், ஒவ்வொரு தாளா. புரட்டட்டும்.